ராக்காயியின் புள்ளி

"உன்ர வயல் இன்னும் விளையேல்லையோடி?"

கேட்டுக்கொண்டே சுதர்சினி தன் கதிரையை இழுத்துவந்து போட்டு, தர்மிளாவின் கணினித் திரையை எட்டிப் பார்த்தாள். திரையில் பதினான்கு புள்ளிகள் இருந்தன. அவற்றுக்கு நடுவே, வலையைச் சுருட்டிப் போட்டதுபோலக் கோடுகள்.

"விளைஞ்சிட்டுது. உள்ளுக்குப் போகத்தான் வழி தெரியேல்லை," என்றாள் தர்மிளா.

"உன்னை ஆர் ஊரைக் கட்டிப் பிடிக்கச் சொன்னது? என்னைப் பார். முப்பதை எடுத்தன். அதை மீதியில்லாமல் பிரிக்கிற எண்களை எடுத்தன். படம் பெட்டி மாதிரி வந்திட்டுது. பரமேஸ்வரன் சேரும் சரி போட்டிட்டார்."

1999ஆம் ஆண்டு மாசி மாதம். வவுனியாவில், பல்கலைக்கழக வளாகத்துக் கணினிக்கூடத்தில் ஒரு கணினிக்கு இரண்டு பேர் என்று இறுதியாண்டுக் கணித மாணவர்கள் அமர்ந்திருந்தார்கள். விரிவுரையாளர் பரமேஸ்வரன் கொடுத்த வேலை, புள்ளிவிவர மென்பொருளை வைத்துப் 'பகுதி வரிசை'க்குப் படம் வரைவது. சில பொருட்களுக்குள் எது முன், எது பின் என்று சொல்லலாம். சிலவற்றுக்குள் சொல்லவே முடியாது. அப்படிப்பட்டவற்றை ஒரே நிரையில் நிறுத்தாமல், முன்னதைக் கீழேயும் பின்னதை மேலேயும் புள்ளியாக வைத்து, அடுத்தடுத்தவற்றைக் கோட்டால் இணைக்க வேண்டும். அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால் அந்த மென்பொருளுக்குச் சராசரி தெரியும், சலாகை வரைபு தெரியும். இந்தப் படத்துக்கு மட்டும் கட்டளை இல்லை. புள்ளி எங்கே, கோடு எங்கே என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

"சொந்த ஊரிலை இருந்து ஒரு உதாரணம் கொண்டு வந்தால் எனக்குச் சந்தோசம்," என்றும் சேர் சொல்லியிருந்தார். வகுப்பில் ஒரே ஒருத்திதான் அதைக் காதில் வாங்கினாள்.

தர்மிளாவின் ஊர் கருங்காலிக்குளம். மன்னார் வீதியால் போய், உள்ளே இறங்க வேண்டும். குளத்துக்குக் கீழே பதினான்கு துண்டு வயல். ரோட்டு ஒரு பக்கத்தில் மட்டும்தான். நெல் வெட்டுக்கு ஆட்கள் ஒரு கூட்டம்தான். வெட்டிய கதிரில் நெல்லைப் பிரிக்கிற சூடடிப்புக்குத் தவராசாவின் மெசின் ஒன்று. உள்வயலுக்கு மெசின் போக வேண்டுமானால் வழியில் இருக்கிற வயல் முதலில் வெட்டுப்பட்டிருக்க வேண்டும். விளைந்த பயிருக்கு மேலே சில்லு ஏற்ற யார் விடுவார்கள்? ஆக, இவருக்குப் பிறகுதான் அவர் என்ற முறை அந்த வயல்வெளி உருவானபோதே வந்துவிட்டது. பாடப் புத்தகத்தில் இருந்த பகுதி வரிசைகளைவிட இது நல்லதாகத் தர்மிளாவுக்குப் பட்டது.

போன சனிக்கிழமை அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு எல்லா வயலுக்கும் போனாள். எல்லோரிடமும் ஒரே கேள்விதான். "உங்கட வயலுக்கு மெசின் வரவேணுமெண்டால் முதல் ஆரின்ர வயல் வெட்டுப்பட வேணும்?"

முத்துலிங்கம் யோசிக்கவேயில்லை. "உன்ர கொப்பற்றை வயல்தான். அவர் அசைஞ்சால்தானே நான் அசையலாம். எப்பவும் அப்பிடித்தானே!"

அன்னபாக்கியம் சிரித்தாள். "எனக்கு ஒருத்தரும் வேண்டாம் பிள்ளை. என்ர வாசலிலை ரோட்டு. ஆனால் கொப்பா பேர் கூப்பிடுமட்டும் நான் பேசாமல் இருக்க வேணும்."

தர்மிளாவின் அப்பா யோகநாதன்தான் கமக்காரர் அமைப்பின் செயலாளர். பேர் கூப்பிடுவது அவர் வேலை. ஐம்பதுகளில் குளத்தைத் திருத்திக் காணி கொடுத்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் பெயர்கள் முதலில். அதற்குப் பிறகு வந்தவர்களின் பெயர்கள் பிறகு. எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வந்து வயல் வாங்கிய ராக்காயி குடும்பத்தின் பெயர் கடைசி. வரவு கூப்பிட்டாலும் அந்த ஒழுங்கு, விதைநெல் கொடுத்தாலும் அந்த ஒழுங்கு, வெட்டுக்கும் அதே ஒழுங்கு. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. வாய்ப்பாடுபோல வாயில் வந்துவிட்டது.

ராக்காயி வரம்பில் குந்தியிருந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கணவன் மாயாண்டிக்கு வவுனியா ரவுனில் அரிசி ஆலையில் வேலை. வயல் இவள் பொறுப்பு. அவளுடைய நெல் மற்றவர்களுடையதைவிட முந்தி மஞ்சளடித்திருந்தது.

"எனக்கா புள்ள? முத்துலிங்கம் ஐயா வயலு. அதுக்கு முன்னாடி உங்கப்பா வயலு. அம்புட்டுத்தான்."

"ரெண்டு பேர்தானோ அக்கா? அப்ப ஏன் நீங்கள் கடைசி?"

"அத நீதான் சொல்லணும், படிக்கிற புள்ள. கடைசியா இருக்கணும்னா இருந்துட்டுப் போறேன். ஏன்னு யாராச்சும் சொன்னா நல்லாருக்கும்." அவள் ஒரு கதிரைத் தூக்கிக் காட்டினாள். "போன வருசம் மழையில படுத்து, கதிரிலயே முளைச்சுப்போச்சு. விதைக்குக்கூட வெளியில வாங்குனோம். இந்த வருசமும் நனைஞ்சா முடியாதும்மா. குத்தகைக்கு விட்டுட்டு நானும் மில்லுக்குப் போறதுன்னு அவரு சொல்லிட்டாரு."

சொந்தமாக வாங்கிய முதல் நிலத்தை விடுவதைப் பற்றி அவள் பேசிய விதத்தில் அழுகை இல்லை. அதுதான் தர்மிளாவை உறுத்தியது. எப்படியாவது இந்தப் படத்தை, வெட்டு முறையைத் தீர்மானிக்கிற ஊர்க் கூட்டத்துக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

இப்போது அந்தப் படம்தான் சுருண்டு கிடந்தது.

"எல்லாரும் தங்களுக்கு முன்னுக்கு நிக்கிற எல்லாரையும் சொல்லியிருக்கினம்," என்றாள் சுதர்சினி, திரையில் விரலை வைத்து. "ராக்காயிக்கு உன்ர அப்பாவிலை இருந்தும் ஒரு கோடு, முத்துலிங்கத்திலை இருந்தும் ஒரு கோடு. முத்துலிங்கம் உன்ர அப்பாவுக்குப் பின்னாலைதானே? அப்ப அப்பாவின்ர கோடு வீண்."

"அது தெரியும். பதினாலு பேருக்கும் கையாலை அழிக்கிறதோ?"

"பெருக்கு. அட்டவணையை அதாலையே பெருக்கு."

தர்மிளா அவளைப் பார்த்தாள். பிறகு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். முன் நிற்கிறவருக்கு ஒன்று, இல்லாவிட்டால் பூச்சியம் என்று நிரப்பிய அட்டவணையை அதே அட்டவணையால் பெருக்கினாள். விடையில் எண் விழுந்த இடமெல்லாம், நடுவில் ஒருவர் நிற்கிற இடம். அந்தக் கோடுகளை எடுத்துவிடச் சொன்னாள். சிக்கல் கழன்றது. எண்ணிவிடக்கூடிய கோடுகள் மட்டும் மிஞ்சின.

"நீ ஆள் பரவாயில்லை," என்றாள்.

"பெட்டி கீறினவள் எண்டு நினைச்சியோ?"

அடுத்தது புள்ளிகளை எந்த உயரத்தில் வைப்பது. தங்களுக்குப் பின் யாரும் இல்லாதவர்கள் நான்கு பேர். அவர்களை மேலே ஒரே வரிசையில் நிறுத்தினால் பார்க்க வடிவாக இருக்கும் என்று தர்மிளாவுக்குத் தோன்றியது. நிறுத்தினாள். படம் கோபுரம்போல எழும்பியது. அச்சுப்பொறி கிர்ர் கிர்ர் என்று இழுத்து, இரண்டு கரையிலும் துளைபோட்ட தாளில் படத்தைத் துப்பியது. மென்பொருளுக்குத் தமிழ் எழுத்து வராது. புள்ளிகளுக்குப் பக்கத்தில் பெயர்களைப் பேனாவால் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் தாளை விரித்துப் பார்த்தான். முகம் மாறியது. புள்ளியும் கோடும் உள்ள தாள் என்றால் அந்தப் போர்க் காலத்தில் தாக்குதலுக்குக் கீறிய வரைபடமாகத்தான் தெரியும். தர்மிளா தெரிந்த சிங்களத்தில் வயல், நெல், வெட்டு என்று சொன்னாள். அவன் தாளைத் திருப்பிப் பிடித்தும் பார்த்தான். கடைசியில், தன் ஊரிலும் மெசினுக்கு இதே சண்டைதான் என்று கையைக் காட்டிச் சிரித்து, போக விட்டான்.

சனிக்கிழமை பாடசாலையில் கூட்டம். யோகநாதன் மகளின் படத்தைக் கரும்பலகையில் ஒட்டிவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"என்ர மகள் கொம்பியூட்டரிலை எங்கட வெட்டு முறையைக் கீறிக்கொண்டு வந்திருக்கிறா. கீழை நிக்கிறவை முதல். மேலை போகப் போகப் பிந்தினவை. விளங்குதோ?"

எல்லோரும் எழுந்து வந்து தங்கள் பெயரைத் தேடினார்கள். முத்துலிங்கம் தன் புள்ளியைத் தொட்டுப் பார்த்தார். யோகநாதனின் விரல் கீழிருந்து மேலே போய், மேல் வரிசையில் நின்றது.

"பாருங்கோ. நான் சொல்லேல்லை, மெசினே சொல்லுது. ராக்காயி மேல் வரிசை. கடைசி வரிசை."

ராக்காயி பின்னாலிருந்து பார்த்தாள். அவள் பெயர் உச்சியில் இருந்தது. முத்துலிங்கத்தின் புள்ளியிலிருந்து ஒரு நெட்டைக் கோடு, படம் முழுவதையும் தாண்டி அவளிடம் போனது.

"மெசினும் சொல்லிருச்சுங்களா ஐயா? அப்ப சரிங்க," என்றாள்.

"அப்பா, உயரத்தைப் பாக்கக் கூடாது. கோட்டைப் பாருங்கோ. ராக்காயி அக்காவுக்குக் கீழை ரெண்டு பேர்தான்—"

"பிள்ளை, உச்சி மாடியிலை நிக்கிறவன் உச்சி மாடியிலைதானே நிக்கிறான்?" என்றார் முத்துலிங்கம். கூட்டம் சிரித்தது. தர்மிளாவின் குரல் அந்தச் சிரிப்புக்குள் போய்விட்டது. திங்கட்கிழமை வெட்டுத் தொடங்குவது, வழக்கமான முறைப்படி போவது என்று தீர்மானம் ஆனது.

வெளியே வந்தபோது ராக்காயி அவளுடைய கையைத் தட்டினாள். "நீ ஏம்மா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? படம் நல்லாத்தான் இருக்கு. கோபுரம் மாதிரி."

அந்த வார்த்தை தர்மிளாவோடு பஸ் ஏறி வவுனியா வரை வந்தது.

திங்கட்கிழமை சுதர்சினிக்கு எல்லாவற்றையும் சொன்னாள். சுதர்சினி தாளை மேசையில் விரித்தாள்.

"ராக்காயியை ஏன்டி கோபுரத்திலை ஏத்தினனி?"

"பின்னாலை ஆளில்லாத எல்லாரையும் ஒரே வரிசையிலை விட்டால் வடிவாயிருக்கும் எண்டு..."

"ஆர் சொன்னது?"

"நான்தான்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. மென்பொருள் சொல்லவில்லை. கோடுகள் சொல்லவில்லை. வடிவுக்காக அவளே தூக்கி வைத்த புள்ளி அது. அப்பா சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. மேலே வைத்தால் எவரும் மேலே என்றுதான் பார்ப்பார்கள்.

"மேலை இருந்து எண்ணாமல் கீழை இருந்து எண்ணப் போறன்," என்றாள். "முன்னுக்கு ஆளில்லாதவை முதலாம் வரிசை. மற்ற எல்லாரும், தங்களுக்கு முன்னாலை நிக்கிற கடைசி ஆளுக்கு மேலை ஒரேயொரு படி. அதுக்கு மேலை ஒருத்தரும் ஏறக்கூடாது."

மாற்றவேண்டி இருந்தது சில வரிகள்தான். ஆனால் நடுவில் மின்சாரம் போனது. சேமிக்காத வரிகள் அதோடு போயின. மறுநாள் மறுபடி எழுதினாள். இந்த முறை படம் கோபுரமாக வரவில்லை. ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்து, சரிந்த வேலிபோல வந்தது. ராக்காயியின் புள்ளி மூன்றாவது வரிசையில் இறங்கி நின்றது. நெட்டைக் கோடு விரலளவாகச் சுருங்கியிருந்தது.

"வடிவில்லை," என்றாள் சுதர்சினி.

"வடிவு வேண்டாம்."

புதன்கிழமை விரிவுரைக்குப் போகாமல் ஊருக்குப் பஸ் ஏறினாள். வானம் தெற்கே கருத்திருந்தது.

அவள் வயலுக்கு வந்தபோது யோகநாதனின் வயல் முடிந்திருந்தது. முத்துலிங்கத்தின் களத்தில் தவராசாவின் மெசின் கடைசிச் சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தது. வைக்கோல் தூசிக்குள் நின்ற யோகநாதன் மகளைக் கண்டதும் பதறினார்.

"என்ன பிள்ளை, கம்பஸிலை வகுப்பு இல்லையோ? சுகமில்லையோ?"

"சுகம் அப்பா. படத்திலை பிழை. என்ர பிழை." அவள் தாளை மெசினின் பெட்டியில் விரித்தாள்.

யோகநாதன் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். "போன கிழமை உச்சியிலை நிண்டவ இந்தக் கிழமை கீழையோ? இதென்ன, கிழமைக்கொரு படம் வருமோ?"

"அதுதானே," என்றார் முத்துலிங்கம். "அடுத்த கிழமை என்னை எங்கை வைப்பாய்?"

"நிக்கிற உயரம்தான் மாறினது. கோடு ஒண்டும் மாறேல்லை. பழைய படம் உங்கடை பைக்குள்ளை இருக்கும். எடுத்து ஒவ்வொரு கோடாப் பாருங்கோ அப்பா."

யோகநாதனிடம் ஒரு குணம் உண்டு. ஒன்றைச் சரிபார்க்கச் சொன்னால் பார்க்காமல் விடமாட்டார். பழைய தாளைப் புதிய தாளுக்குப் பக்கத்தில் விரித்தார். ஒரு கையின் விரல் இதில், மறு கையின் விரல் அதில். அன்னபாக்கியத்திலிருந்து ஒரு கோடு, இதிலும் உண்டு. தன்னிலிருந்து முத்துலிங்கம், உண்டு. முத்துலிங்கத்திலிருந்து ராக்காயி. அங்கே நெட்டையாக, இங்கே குட்டையாக. ஆனால் உண்டு. வேறு எங்கிருந்தும் ராக்காயிக்குக் கோடு இல்லை.

அவர் விரல் அங்கேயே நின்றது. பிறகு தலையை நிமிர்த்தி வெளியைப் பார்த்தார். முத்துலிங்கத்தின் வெட்டிய வயல், ஒரு வரம்பு, வரம்புக்கு அப்பால் ராக்காயியின் நெல், தலை சாய்த்து.

"தவராசா, இஞ்சையிருந்து நேரை அங்காலை மெசின் போகுமோ?"

"போகாமல்? நான் வருசா வருசம் அந்த வரம்பிலைதானே திருப்பிறனான்," என்றான் தவராசா.

"திருப்பி?"

"திருப்பி வெளியிலை வந்து, ரோட்டாலை அன்னபாக்கியம் அக்காவிட்டைப் போறது. நீங்கள் அவவின்ர பேரைத்தானே கூப்பிடுறனீங்கள்."

யோகநாதனின் காது சிவந்தது.

அதற்குள் அடுத்த முறைக்கு, கதிர் வெட்டும் தாக்கத்தியோடு ஆயத்தமாக நின்ற அன்னபாக்கியம் வந்துவிட்டாள். "என்ன கதை நடக்குது? என்னைப் பின்னுக்குத் தள்ளுற யோசினையோ? அது சரிவராது. என்ர புள்ளி அடி வரிசையிலை நிக்குது, நானும் பாத்தனான்!"

"ஓம் மாமி, நீங்கள் அடி வரிசைதான்," என்றாள் தர்மிளா. "உங்களுக்கு எப்பவும் வரலாம். ராக்காயி அக்காவுக்கும் இப்ப வரலாம். உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவிலை கோடே இல்லை."

"அப்ப ஆர் முதல்?"

"அதைப் படம் சொல்லாது."

"நாலு வருசம் படிச்சுப்போட்டுச் சொல்லுற மறுமொழியோ இது?" அன்னபாக்கியம் தாக்கத்தியை இடுப்பில் செருகினாள். "எங்கை ராக்காயி?"

ராக்காயி வரம்பில்தான் நின்றாள். இவ்வளவையும் கேட்டுக்கொண்டு, ஆனால் வரம்பைத் தாண்டாமல். அன்னபாக்கியம் அவளுடைய வயலுக்குள் இறங்கி ஒரு கதிரை உருவினாள். உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, ஒரு மணியை முன்பல்லில் வைத்துக் கடித்தாள். டக் என்று உடைந்தது. இன்னும் சில மணிகள் அவள் கை பட்டதிலேயே உதிர்ந்து விழுந்தன.

"அடி பாவி, இது கொட்டுண்ணுதே! இவ்வளவு நாளும் வாயைப் பொத்திக்கொண்டோ நிண்டனீ?"

"யாரும் கேக்கலீங்களே அக்கா."

"இனிமேல் கேக்காமலே சொல்லு." அன்னபாக்கியம் யோகநாதன் பக்கம் திரும்பினாள். "என்ரை இன்னும் ரெண்டு நாள் நிக்கும். பச்சை விலகேல்லை. இதை வெட்டுங்கோ. முகிலைப் பாத்தீங்களோ?"

யோகநாதன் முகிலைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒழுங்கு மாற்றிப் பேர் கூப்பிட்டார்.

"ராக்காயி! உம்மட முறை. வாரும்."

வழக்கமான 'உன்ர' இல்லை. 'உம்மட'. ராக்காயிக்கு அது கேட்டதோ என்னவோ, தர்மிளாவுக்குக் கேட்டது.

அன்று பொழுதுபடுவதற்குள் வெட்டி முடித்தார்கள். மறுநாள் காலையில் தவராசாவின் மெசின் வரம்பில் திரும்பாமல் நேரே ஏறி இறங்கியது. செய்தி கேட்டு ஆலையில் லீவு சொல்லிவிட்டு ஓடிவந்த மாயாண்டி, சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். நிரம்பிய முதல் சாக்கைத் தனியாக ஒதுக்கி, அதன் கழுத்தில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டினாள் ராக்காயி.

"அது எதுக்கு அக்கா?"

"விதைநெல்லு. வர்ற வருசம் நம்ம நெல்லையே வெதைக்கணும்ல." சொல்லிவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள். "என்ன, மில்லுக்கு நான் வரல. நீயே போ."

"நான் கூப்பிட்டேனா?" என்றான் மாயாண்டி. குத்தகைப் பேச்சை எடுத்தவனே அவன்தான் என்பதை அந்த நேரம் யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

கருத்திருந்த முகில், இவ்வளவு பாடும் படுத்திவிட்டு, செட்டிகுளம் பக்கமாகப் போய் எங்கேயோ பெய்தது. கருங்காலிக்குளத்தில் நாலைந்து துளிதான்.

"இதுக்கோ நான் விட்டுக் குடுத்தனான்?" என்று அன்னபாக்கியம் ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஆனால் ராக்காயி புத்தரிசிப் பொங்கல் கொண்டுவந்தபோது, அன்னபாக்கியத்திடம் மற்ற வீடுகளுக்குக் கொடுத்ததைவிடப் பெரிய கிண்ணத்தைத்தான் நீட்டினாள்.

சேர் இரண்டு படங்களையும் பார்த்தார். இரண்டையும் அறிக்கையில் சேர்க்கச் சொன்னார். "முதல் படம் பிழையில்லையே. ஏன் ரெண்டாவது?" என்று கேட்டார்.

"முதல் படத்தை நம்பினால் ஒரு ஆளின்ர நெல் வயலிலையே கொட்டுண்டிருக்கும் சேர்," என்றாள் தர்மிளா. பின்வரிசையில் சுதர்சினி வாயைப் பொத்திச் சிரித்தாள். அவள் கையிலும் பொங்கல் மணம்.

சித்திரை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது, புதிய படம் அப்பாவின் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டப்பட்டிருப்பதைத் தர்மிளா கண்டாள். யோகநாதன் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"சிறுபோகத்துக்கும் ஒண்டு அடிச்சுத் தா பிள்ளை. தண்ணி விடுற முறைக்கு."

"தாறன் அப்பா."

"அதிலையும் நான்தானே முதல்?"

"இதிலையே நீங்கள் முதல் இல்லையே அப்பா. அடி வரிசையைப் பாருங்கோ."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். அடி வரிசையில் ஒரே உயரத்தில் நான்கு புள்ளிகள். ஒன்றில் அவருடைய பெயர். பக்கத்துப் புள்ளியில் அன்னபாக்கியம்.

"நானும் அவவும் சமனோ?" என்றார் யோகநாதன்.

"சமன் எண்டும் இல்லை அப்பா. நடுவிலை கோடு இல்லை."

அவர் இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு அலுமாரிக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

"அன்னபாக்கியத்துக்கு இதைச் சொல்லிப்போடாதை," என்றார்.